கக்கத்தில் வந்த மயில்

ஜமீன் மாளிகையில் மயில் ஓவியம் ஒன்று தொங்கியது. அதைக் கறுப்பு வெள்ளையில் போட்டோ பிடித்து ஊரெங்கும் விற்றார்கள். மாளிகையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட அன்று முதல் ஆளாக வந்தவர் காபி கிளப் மாசிலாமணி. பத்து வருஷமாகத் தன் கடைச் சுவரில் இருந்த போட்டோவையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்திருந்தார்.

"நீயெல்லாம் ஒரு மயிலா?" என்றது ஓவியம். "அடுப்புக்கரியில் புரண்ட கோழி மாதிரி இருக்கிறாய்."

"ஊரே என்னைத்தான் மயில் என்கிறது," என்றது போட்டோ.

"காபி குடிக்க வருகிறவன் என்னத்தைக் கண்டான்? என்னைப் பார்த்த கையோடு இந்த ஆளே உன்னைக் குப்பையில் போடுவார், பார்."

மாசிலாமணி இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார்.

"படம் என்னவோ அருமையான படம்தான். எந்தப் பாவியோ பச்சையும் நீலமுமா அப்பி நாசம் பண்ணிட்டான்."