சும்மா உட்கார்ந்திருந்தவன்

"பொண்டாட்டி மூச்சு வாங்க வேலை செய்யறா. இவரு மகாராஜா மாதிரி உட்கார்ந்திருக்காரு."

டாக்டரம்மா முணுமுணுத்தார். முணுமுணுப்புதான், ஆனால் பக்கத்தில் இருப்பவருக்கு நன்றாகக் கேட்கிற முணுமுணுப்பு.

அந்தப் புருஷன்காரன் அசையவில்லை.

கடற்கரையில் அன்று பட்டச் சவாரி வகுப்பு. பெரிய பட்டத்தைக் காற்றில் ஏற்றி, அது இழுக்கிற இழுப்பில் பலகைமேல் நின்றபடி கடலில் வழுக்கிக்கொண்டு போகிற விளையாட்டு. பல் பிடுங்கி ஓய்ந்த நேரமெல்லாம் கிளினிக் ஜன்னல் வழியாக அதையே பார்த்துக்கொண்டிருந்த டாக்டரம்மா, ஒருவழியாகத் துணிந்து சேர்ந்துவிட்டார். வீட்டுக்காரரையும் கூப்பிட்டுப் பார்த்தார். மணல் ஒட்டும் என்று சொல்லிவிட்டு அவர் டி.வி.யைப் போட்டுக்கொண்டார்.

புதிதாக வந்தவர்கள் மூன்றே பேர். டாக்டரம்மாவுக்கு ஒரு பட்டம். ஜோடியாக வந்த இளம் புருஷன் பெண்டாட்டிக்கு ஒரு பட்டம்.

முதல் பாடம், பட்டத்துக்குக் காற்றடிப்பது. அதன் முன்பக்கம் நெடுக ஒரு தடித்த குழாய் ஓடுகிறது. பம்ப்பை மாட்டி அதை நிரப்ப வேண்டும். மாஸ்டர் செய்து காட்டினார். கல் மாதிரி ஆகணும், விரலால் சுண்டினால் டங்கென்று கேட்கணும், தொளதொளவென்று விட்டால் மேலே போய் மடிந்து விழும் என்றார். அரைகுறையாகச் செய்கிறவரை இன்றைக்குத் தண்ணீரில் இறக்க மாட்டேன் என்று கண்டிப்பாகச் சொன்னார். இன்னும் ஏதேதோ சொன்னார்.

டாக்டரம்மாவின் கண் அதற்குள் பக்கத்தில் போய்விட்டது. கனமான பை அந்தப் பெண்ணின் தோளில் தொங்குகிறது. கட்டினவன் கையை வீசிக்கொண்டு நிற்கிறான். எல்லா வீட்டிலும் இதே கதைதானா என்று அவருக்குப் பொருமலாக வந்தது.

மாஸ்டர் கயிறுகளைச் சிக்கெடுக்கப் போனார். மற்றவர்கள் வேலையை ஆரம்பித்தார்கள்.

பட்டத்தை விரித்தது அந்தப் பெண். பம்ப்பைப் பிடித்ததும் அவள்தான். நாலு தடவை அடித்தவள் நிமிர்ந்து பார்த்துவிட்டுப் புருஷனிடம் ஏதோ சொன்னாள். அவன் தலையாட்டிவிட்டு நேராக டாக்டரம்மாவிடம் வந்து வாயைத் திறந்தான்.

எதிரே திறக்கிற வாயைப் பேச விடாமலே தொழில் செய்து பழகியவர் அவர்.

"எனக்கு ஒத்தாசை எல்லாம் வேண்டாம் தம்பி. அங்கே ஒருத்தி தனியா அடிச்சுக்கிட்டிருக்கா. போய் அவளுக்குச் செய்யுங்க."

அவன் மாஸ்டர் இருந்த பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். திறந்த வாயை மூடிக்கொண்டான். போகவும் இல்லை. டாக்டரம்மாவின் பட்டத்து நுனியிலேயே, பாய் விரித்து வைத்த மாதிரி, சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

எழுந்திருக்கச் சொன்னார். இங்கே சௌகரியமாக இருக்கிறது மேடம் என்று சிரித்தான். அப்போதுதான் டாக்டரம்மா முணுமுணுத்து, அவனுக்கு மகாராஜா என்று பெயர் சூட்டினார்.

கோபம் கைக்கு நல்ல பலம் தந்தது. ஈரத்துணி மாதிரி துவண்டு கிடந்த குழாய் மெல்ல மெல்ல உப்பியது. சுண்டிப் பார்த்தார். தொப் என்றது. மறுபடி அடித்தார். தோள் கழன்றுவிடும்போல் இருந்தது. முகத்தில் உப்புக்காற்று, காலுக்கடியில் ஈர மணல், எதிரே அத்தனை பெரிய கடல். அலுப்பே தெரியவில்லை.

"இன்னும் கொஞ்சம் அடிங்கக்கா" என்று அந்தப் பெண் அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

இன்னும் கொஞ்சம் அடித்து மறுபடி சுண்டினார். டங்.

கல்லூரியில் இடம் கிடைத்த நாளில்கூட இப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. பக்கத்தில் இருந்தது அந்த மகாராஜாதான். வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

அந்தச் சமயம் பார்த்துக் காற்று ஒரு வீச்சு வீசியது. பட்டம் துள்ளி எழுந்தது. பம்ப்புக் குழல் பிடுங்கிக்கொண்டு கையோடு வந்தது. அவன் அப்படியே பட்டத்தின்மேல் குப்புறப் படுத்து அதைக் கட்டிக்கொண்டான்.

இதுவரை உட்கார்ந்திருந்தவன் இப்போது படுத்தே விட்டான். டாக்டரம்மாவுக்கு வந்ததே ஆத்திரம்.

"போதும் தம்பி. கட்டினவ அங்கே வேர்த்துக் கொட்ட நிக்கறா. உங்களுக்குப் படுக்கை கேக்குதா? வீட்டுலயும் இப்படித்தானா?"

அந்தப் பெண் பம்ப்பைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். நல்லவேளை, இவளாவது நாலு வார்த்தை கேட்கட்டும் என்று டாக்டரம்மா ஒதுங்கி இடம் விட்டார்.

அவள் புருஷனைப் பார்க்கவே இல்லை. குனிந்து டாக்டரம்மாவின் காலடி மணலைத் துழாவினாள். பம்ப்போடு சேர்ந்த ஒரு வார் அகப்பட்டது. அதன் நுனியில் ஒரு கொக்கி. அதைப் பட்டத்து வளையத்தில் மாட்டி, இரண்டு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டாள். அதன் பிறகுதான் அவன் எழுந்து சட்டையில் இருந்த மணலைத் தட்டினான்.

"மெதுவாப் பேசுங்கக்கா" என்றாள் அவள். "இதை மாட்டாம காத்தடிச்சது மாஸ்டருக்குத் தெரிஞ்சா, இன்னிக்கு உங்களைத் தண்ணியில இறக்க மாட்டார். இது பிடிச்சுக்கலேன்னா பட்டம் காத்துல பிச்சுக்கிட்டுப் போய் யார் மேலயாவது விழுந்துடும்."

டாக்டரம்மா குனிந்து அந்தக் கொக்கியைத் தொட்டுப் பார்த்தார். "இதை மாஸ்டர் சொல்லவே இல்லையேம்மா" என்றார்.

"சொன்னாருக்கா. அப்ப நீங்க எங்களையே பார்த்துக்கிட்டிருந்தீங்க. அதான், நம்மோடதை நானே அடிச்சுக்கறேன், நீங்க போய் அவங்க பட்டத்து மேல உட்காருங்கன்னு இவரை அனுப்பினேன்."