நசுங்கிய டப்பா

இடுப்புக்குக் கீழே யாரோ ஸ்பேனர் போட்டு முறுக்குவது போல வலித்தது.

சாக்கை விரித்துக் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தார் டிரைவர். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது, காருக்கு இருபத்தாறு. இரண்டில் நலம் விசாரிக்கப்படுவது கார்தான்.

பழைய எண்ணெய் கறுப்பாகத் தட்டில் இறங்கிக்கொண்டிருந்தது.

மேலே, ஆயில் கடையின் மேசையோரம் கார்க்காரரான புரொபசர் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்றுப் பன்னிரண்டு வருடமாகிறது. மணியடிக்க ஆளில்லாததால் வகுப்பு முடிவதே இல்லை.

பழைய எஞ்சினுக்கு எந்த ஆயில் என்பது இன்றைய பாடம். முப்பது வருடமாக ஆயில் விற்கும் கடைக்காரர், "அப்படியா சார்" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"வயசான எஞ்சினுக்குத்தான்யா உசத்தியான ஆயில் வேணும். தண்ணி மாதிரி ஓடணும். சந்துபொந்தெல்லாம் போகணும்."

போகும். சந்துபொந்தெல்லாம் போய், தேய்ந்த சீல் வழியாகத் தரைக்கும் வரும். பழைய எஞ்சினுக்குக் கெட்டியான எண்ணெய்தான் சரி. அது தெரிய வகுப்பு வேண்டாம், ஒருமுறை காருக்கு அடியில் படுத்தால் போதும்.

வருடாவருடம் நடப்பது இதுதான். புரொபசர் அலமாரியிலிருந்து வெளிநாட்டு டப்பாவை எடுப்பார். அதன் மூலை நசுங்கியிருப்பதைக் கண்டுபிடிப்பார். அதைச் சொல்லியே விலையில் கொஞ்சம் குறைப்பார். ஜெயித்த முகத்தோடு எதிரே இருக்கும் சலூனுக்கு முடி வெட்டப் போவார்.

அவர் தலை மறைந்ததும் டப்பா அலமாரிக்குத் திரும்பும். லாரிக்காரர்கள் வாங்கும் கெட்டி எண்ணெய் டிரம்மிலிருந்து எஞ்சினுக்குள் போகும். மிச்சப் பணத்தில் கடைக்காரருக்குப் பாதி, டிரைவருக்குப் பாதி.

ஒன்பது தடவை விற்றாயிற்று. ஒரே டப்பா. மூடியின் சீல்கூட உடையவில்லை.

இன்று புரொபசர் சலூனுக்குப் போகவில்லை.

குனிந்து தட்டில் விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தார். "ஒரு வருஷம் ஓடியும் எவ்வளவு கெட்டியா இருக்கு பாரு! அதான்யா என் ஆயில்."

பிறகு போனை எடுத்தார். பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குழு உண்டாம், அதில் பதினேழு பேராம். டப்பாவைத் திறப்பதிலிருந்து கடைசிச் சொட்டு வரை படம் பிடித்து அனுப்பப் போகிறாராம்.

கடைக்காரர் எதையோ தேடுவது போலக் காருக்கு அடியில் முகத்தை நீட்டினார்.

"அண்ணே, இப்ப என்ன செய்ய?"

"பாதி வாங்குறப்ப மட்டும் என்னைக் கேட்டா வாங்குன?"

பதில் சொல்லிவிட்டாரே தவிர, டிரைவருக்கும் வழி தெரியவில்லை. அந்த எண்ணெய் உள்ளே போனால் எஞ்சின் ஆறு மாதம் தாங்காது. எஞ்சின் போனால் கார் போகும். கார் போனால் டிரைவர் எதற்கு? இந்த இடுப்பைப் பார்த்து இனி எவனும் சாவி தரமாட்டான். வேண்டாமென்று தடுத்தாலோ, ஏன் என்று கேட்பார். கேள்வி கேட்டே சம்பளம் வாங்கிய மனிதர்.

"ம், திற," என்றார் புரொபசர், போனை நீட்டிப் பிடித்து.

டிரைவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். டப்பாவை வாங்கினார். மூடியில் கை வைத்தார். திருகவில்லை. டப்பாவைக் கவிழ்த்து அடியைக் காட்டினார்.

"சார், இங்க என்னமோ தேதி போட்டிருக்கு. எனக்குக் கண்ணு தெரியல. நீங்க படிச்சவங்க, கொஞ்சம் பாருங்களேன்."

அந்த டப்பாவில் இருக்கும் ஒவ்வொரு எழுத்தும் எண்ணும் புரொபசருக்கு மனப்பாடம். அடியை மட்டும் பார்த்ததில்லை.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். பார்த்தார். காது வரை சிவந்தது.

"பத்து வருஷத்துச் சரக்கு! யார் தலையில மிளகாய் அரைக்கப் பாக்குற?"

அடுத்த கால்மணி நேரம் கடைக்காரர் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். தெரியாமல் வந்துவிட்டது என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். டிரைவரும் பக்கத்தில் நின்று தன் பங்குக்கு, "சாருகிட்டயே உன் வேலையக் காட்டுறியா?" என்று ஒரு போடு போட்டார்.

"எந்த டப்பாவும் வேணாம். அந்த டிரம்முல இருக்குறத என் கண்ணு முன்னால அளந்து ஊத்து!"

அளந்து ஊற்றினார்கள். புரொபசர் படம் பிடித்தார். விலையைச் சொன்னபோது நம்பாமல் இரண்டு தடவை கேட்டார்.

எஞ்சின் முனகாமல் கிளம்பியது, ஒன்பது வருடமாகக் கிளம்புவது போலவே.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், பின்சீட்டிலிருந்து குழுவுக்குக் குரல் போனது. "பழைய எஞ்சினுக்குக் கெட்டி ஆயில்தான் சரி. அனுபவத்துல சொல்றேன்."

போனை வைத்துவிட்டு டிரைவரின் தோளைத் தட்டினார். "இனிமே வருஷாவருஷம் இதுதான். எவ்வளவு மிச்சம், பாத்தியா?"

"ஆமா சார்."

வேர்த்தது. டிரைவர் முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் வெந்து சுருங்கியிருந்தது.

ஒன்பது வருடத்துக்கு முன், நடுவழியில், ரேடியேட்டர் ஆறட்டும் என்று அவர் சொன்னார். கூட்டத்துக்கு நேரமாகிறது என்று புரொபசர் அவசரப்படுத்தினார். கொதிக்கக் கொதிக்க மூடியைத் திறந்த டிரைவர் முப்பது நாள் படுக்கையில் கிடந்தார். வேலைக்கு வராத நாளுக்குச் சம்பளம் ஏது என்று புரொபசர் அந்த மாதத்தைப் பிடித்துக்கொண்டார்.

டப்பா விற்ற ஒவ்வொரு தடவைக்கும் இரண்டு நாள் சம்பளம் என்று பதினெட்டு நாள் வசூலாகியிருந்தது.

மீதிப் பன்னிரண்டு நாள் சம்பளத்தைப் புரொபசர் இன்னும் தரவேண்டும்.