ஜூலைக்கு நேரே ஒரு கோடு

மறுபடியும் பூஜ்யம்தான் வந்தது.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தாள். மாதாந்திர வரிப் பிடித்தம்: 0.

ஐந்து மணிக்குள் எல்லோரும் சொல்லியாக வேண்டும். வருமான வரியில் பழைய முறையா, புதிய முறையா. காப்பீடு எவ்வளவு, வாடகை எவ்வளவு, கடன் வட்டி எவ்வளவு. அதை வைத்துத்தான் இந்த வருடம் மாதாமாதம் சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிப்பது என்று கம்பெனி முடிவு செய்யும். ஏப்ரல் வந்தால் அந்த மாடி முழுக்க இதே புலம்பல்.

பக்கத்து இருக்கை ஜெயசீலி எட்டிப் பார்த்தாள்.

"அடிப்பாவி, பூஜ்யமா? எனக்குப் பதினோராயிரம் பிடுங்குறான். எந்தச் சாமிக்குடி வேண்டிக்கிட்ட?"

அவளும் சிரித்தாள். மனசு உண்மையாகவே குளிர்ந்துபோயிருந்தது. நாளைக் காலை பத்தரை மணிக்கு வீட்டுப் பத்திரப் பதிவு. இரண்டு அறை, ஒரு சின்னப் பால்கனி. பன்னிரண்டு வருடமாக வீட்டுக்காரர்களிடம் ஆணி அடிக்கக்கூட அனுமதி கேட்டாயிற்று. 'வீட்டுக் கடன் வட்டி' என்ற கட்டத்தில் முதன்முறையாக இரண்டு லட்சம் என்று அடித்திருந்தாள். அந்த வீடுதான் இப்போதே கைகொடுத்துவிட்டது என்று நினைத்தாள்.

நல்லது நடந்தால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

அவள் கேட்டாள். மென்பொருளில் பிழை தேடுவதற்குத்தான் ஒன்பது வருடமாக அவளுக்குச் சம்பளம்.

புதிய முறைக்கு மாற்றினாள். பூஜ்யம்.

பழையதற்கே திரும்பிக் காப்பீட்டை அழித்தாள். பூஜ்யம்.

வாடகையை அழித்தாள். கடன் வட்டியையும் அழித்தாள்.

பூஜ்யம்.

எதைச் சொன்னாலும் சரி சரி என்று தலையாட்டி அனுப்பிவைக்கிற ஆளிடம் பேசுவதுபோல் இருந்தது.

'விவரம்' என்ற இடத்தை அழுத்தினாள். மாதவாரியாக விரிந்தது.

ஏப்ரல், மே, ஜூன். மூன்றுக்கும் நேரே அவள் சம்பளம் இருந்தது.

ஜூலைக்கு நேரே ஒரு கோடு.

ஆகஸ்டுக்கு ஒரு கோடு. மார்ச் வரைக்கும் கோடுதான்.

மூன்று மாதச் சம்பளத்துக்கு யார் வரி பிடிப்பார்கள்?

"ஜெயா, உன்னோடதைக் காட்டேன்" என்றாள். ஜெயசீலி அலுத்துக்கொண்டே திருப்பிக் காட்டினாள். பன்னிரண்டு மாதத்துக்கும் சம்பளம் இருந்தது. ஒரு கோடுகூட இல்லை.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். போன வருடம் எதிர் வரிசையில் இருந்த சுகந்தனுக்கு எந்த மணியும் அடிக்கவில்லை. காபி ஆறுவதற்குள் மேல்மாடிக்குக் கூப்பிட்டு வேலையை விட்டு அனுப்பினார்கள். காபிக் கோப்பையை மறுநாள் கூட்டுகிற அம்மாதான் எடுத்துப் போனாள்.

அவளுக்குப் பயமாக இருந்தது. கைபேசியை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனாள்.

சம்பளப் பிரிவு ஜோதிலிங்கம் இரண்டாவது மணியிலேயே எடுத்தார். அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. அவர் அப்படிக் கேட்கிற ஆளே இல்லை.

"சிஸ்டம் கோளாறும்மா. பக்கத்தை மூடிட்டு அஞ்சு நிமிஷம் கழிச்சுத் திறந்து பாருங்க."

சரி என்றாள்.

அவர் வைக்கவில்லை. அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"வேற யாருகிட்டயாவது இதக் காட்டுனீங்களாம்மா?"

அவள் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். ஐந்து நிமிடம் காத்திருந்தாள். திறந்தாள்.

பன்னிரண்டு மாதமும் நிரம்பியிருந்தது. கோடுகளே இல்லை. அவள் அழித்த காப்பீடும் வாடகையும் கடன் வட்டியும்கூட அந்தந்தக் கட்டத்தில் திரும்ப வந்து உட்கார்ந்திருந்தன. மாதாந்திர வரிப் பிடித்தம்: 8,970.

எவ்வளவு சுத்தமான வேலை. அவளே பிழை பார்த்துக் கொடுத்திருந்தாலும் இவ்வளவு சுத்தமாக இருந்திருக்காது.

"வாடி வா, எங்க கூட்டத்துக்கே வந்துட்டியா?" என்றாள் ஜெயசீலி. தோழிக்கு இப்போதுதான் நிம்மதி.

கைபேசி அதிர்ந்தது. கணவன். 'பத்திர ஆபீஸ்ல டோக்கன் வாங்கியாச்சு. நாளைக்கு மஞ்சள் சேலையா, பச்சையா?'

கடன் தவணை நாற்பத்தாறாயிரம். முதல் தவணை ஜூலை ஐந்தாம் தேதி. பிறகு இருபது வருடம். முன்பணத்துக்காக விற்றது அவளுடைய இரட்டை வடச் சங்கிலி, அது திரும்பாது.

மணி நான்கு ஐம்பது.

அவள் 'வீட்டுக் கடன் வட்டி' கட்டத்துக்குப் போனாள். இரண்டு லட்சத்தை ஒவ்வொரு எண்ணாக அழித்தாள். பூஜ்யம் என்று அடித்தாள்.

இந்த முறை கணக்கு தலையாட்டவில்லை. 13,780 என்றது.

"ஏய், வட்டிய ஏன்டி எடுத்த? மாசம் அஞ்சாயிரம் வீணாப் போகுதே! புது முறைக்காவது மாத்துடி."

அவள் மாற்றவில்லை.

'மேற்கண்ட தொகையை மார்ச் வரை மாதந்தோறும் பிடித்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன்' என்று எழுதியிருந்த இடத்தில் டிக் செய்தாள். அனுப்பினாள். நன்றி என்று வந்தது.

பிறகு கைபேசியை எடுத்து, மஞ்சளும் வேண்டாம் பச்சையும் வேண்டாம் என்று கணவனுக்கு எழுத ஆரம்பித்தாள்.