காற்றுக்கு முதுகு காட்டும் தொட்டி

“‘மூணு வாரமாச்சு, ஒரு பிடி உப்புகூடக் குறையல. உங்க தொட்டியை நீங்களே பிடுங்கிட்டுப் போங்க.’ இதானே சார் போன்ல சொன்னீங்க? இப்ப என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க!”

பட்டறையம்மாவின் சத்தத்துக்குப் பண்ணைக்காரர் அசரவில்லை. அதையே ஒரு எழுத்து மாறாமல் திரும்பச் சொன்னார்.

பட்டறையம்மாவுக்குக் காது சூடாகிவிட்டது. பட்டறையில் தொட்டியை வெல்டிங் செய்தது கணவர்தான். ஆனால் யோசனை முழுக்க அவளுடையது. மேய்ச்சல் நிலத்தின் நடுவே கம்பம், கம்பத்தில் மாடுகள் நக்க உப்புத் தொட்டி, அதன்மேல் பழைய வண்டிச் சக்கரத்தின் பேரிங்கில் சுற்றுகிற தகரக் கூண்டு, கூண்டுக்கு வால் போல ஒரு தகடு. காற்று எந்தப் பக்கமிருந்து வந்தாலும் கூண்டு தானாகத் திரும்பி முதுகைக் காட்டிக்கொள்ளும். சாரல் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது.

தொட்டிக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளிக் காட்டினாள்.

“ஒரு வாரமா ஊத்து ஊத்துன்னு ஊத்தியிருக்கு. பாருங்க, பொலபொலன்னு உதிருது. உங்க வீட்டு உப்பு ஜாடி இப்படி இருக்கா?”

“நனையலைங்கிறதை நானே ஒத்துக்கறேம்மா. மாடு திங்கணுமே! நாளைக்குச் சங்கத்துல கூட்டம். இதே தொட்டியை வாங்கலாமான்னு முப்பது பண்ணைக்காரங்க என் வாயைத்தான் பார்த்துட்டிருக்காங்க. என்னன்னு சொல்ல?”

கணவர் ஸ்பானரோடு கம்பத்தில் ஏறி, பேரிங்குக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார். “மாட்டுக்கு ருசி தெரியல போல,” என்றார் மேலே இருந்தபடி.

“நீங்க சும்மா இருங்க!”

சொல்லி வைத்தாற்போல் ஒரு பசு வந்தது. தொட்டியை மோந்தது. விருந்துக்குப் போய்விட்டு வந்த மாமியார் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு கொட்டகைக்குப் பின்பக்கம் நடந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று.

பட்டறையம்மாவும் பின்னாலேயே போனாள்.

அங்கே கவிழ்த்துப் போட்ட வாளியில் உப்பக்கா உட்கார்ந்திருந்தாள். மழை வந்தால் உப்புத் தட்டுகளை அள்ளிக்கொண்டு ஓடி, வெயில் வந்தால் திரும்பக் கொண்டு வைப்பதுதான் பல வருஷமாக அவள் வேலை. அதனால் அந்தப் பெயர். இரண்டு உள்ளங்கையிலும் கல் உப்பு. மாடுகள் வரிசையில் நின்று நக்கிக்கொண்டிருந்தன. அவள் விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு.

“எத்தனை நாளா நடக்குது இது?”

உப்பக்கா கையை முந்தானையில் மறைக்கப் பார்த்தாள். மாடு விடவில்லை.

“தொட்டி வந்த அன்னியிலேர்ந்தும்மா. விடிஞ்சதும் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. இங்க வயிறு நிறைஞ்சுட்டா அங்க போகாதுங்க.”

“எதுக்கு?”

“இந்த மாசத்தோட நின்னுக்கன்னுட்டாரு. தொட்டி வந்தாச்சு, இனி உப்புக்குன்னு ஒரு ஆள் எதுக்குன்னாரு. அது சரிப்படலேன்னா என்னை வச்சுப்பாரில்ல?”

‘இனி உப்புக்குன்னு ஒரு ஆள் எதுக்கு சார்?’ பண்ணைக்காரருக்கு அந்த வாசகத்தைச் சொல்லிக் கொடுத்ததே பட்டறையம்மாதான். தொட்டியை விற்ற அன்று, கையை வேறு வீசிக்கொண்டு சொன்னாள்.

“கோவிச்சுக்காதீங்கம்மா,” என்றாள் உப்பக்கா. “தொட்டி தங்கமான தொட்டி. அன்னிக்கு அடிச்ச காத்து மழையில கொட்டகைக் கூரையே பறந்துச்சு. நான் ஓடிப்போய்ப் பார்த்தேன், உள்ள ஒரு சொட்டு இல்ல. இத்தனை வருஷம் மழையோட ஓடினவ சொல்றேன், இப்படி ஒண்ணை நான் பார்த்ததே இல்ல.”

பட்டறையம்மாவுக்கு மார்பு விம்மியது. ஊரில் யாரும் தராத பாராட்டு. அதை வெளியே சொல்ல வழியில்லை. கணவரிடம்கூட. அவர் வாயில் ஒரு ரகசியம் ஒரு மணி நேரம் தங்கியதாகச் சரித்திரம் கிடையாது.

திரும்பி வந்தாள்.

“என்னம்மா, கண்டுபிடிச்சீங்களா?” என்றார் பண்ணைக்காரர்.

“கண்டுபிடிச்சேன் சார். தப்பு எங்க மேலதான்.”

மேலே ஸ்பானர் நின்றது.

“மழையை மட்டும் நினைச்சு செஞ்சுட்டோம், மாட்டை நினைக்கல. பழகின ஆள் ஒருத்தர் பக்கத்துல நின்னு, கையால தொட்டிக்குள்ள காட்டணும். இல்லேன்னா அது திரும்பியும் பார்க்காது.”

“எத்தனை நாளைக்கு?”

“நாள் கணக்கெல்லாம் கிடையாது. புதுக் கன்னு வந்துட்டேதானே இருக்கும்? எப்பவும் ஒரு ஆள் வேணும்.”

“ஆளே வேண்டாம்னு சொன்னது யாரு?”

“நான்தான். வாய்க்கொழுப்பு.”

“நாளைக்கு இதைக் கூட்டத்துல சொல்லிடுவேன், பார்த்துக்கோங்க.”

“தாராளமா சொல்லுங்க சார்.” தலையை நிமிர்த்தித்தான் சொன்னாள். “உங்க உப்பக்கா இருக்காங்களே, அவங்களையே நிக்கச் சொல்லுங்க. நாளையிலேர்ந்து தொட்டியிலேயே ஊட்டட்டும். அடுத்த வாரம் பாருங்க, குறையும்.”

பண்ணைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே கொட்டகைப் பக்கம் திரும்பினார். “உப்பக்கா! இங்க வா! நீ எங்கயும் போக வேண்டாம்.”

வீடு திரும்பும் வேனைக் கணவர் ஓட்டினார். கிரீஸ் கையைத் துடைக்காமலேயே ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். ரயில்வே கேட் மூடியிருந்தது. இன்ஜினை அணைத்தார்.

“முப்பது பண்ணை போகட்டும், அதைப் பத்தி நான் கேட்கல. ஆள் நிக்காம ஓடணும்னு சொல்லித்தானே மூணு தடவை பேரிங் மாத்தச் சொன்ன? மாத்தினேனே.” அவள் பக்கம் திரும்பினார். “என் வேலையில எங்க குறை? அதை மட்டும் சொல்லிடு, தாயே.”

அவள் அவருடைய கிரீஸ் கையை இழுத்து முந்தானையால் துடைத்தாள்; கண் மட்டும் வராத ரயில் மேல் இருந்தது.