பலகை ஏன் ஹேங் ஆகிறது

"இன்னிக்கும் ஹேங் ஆச்சுன்னா, நாளையிலேருந்து அந்த ஆள் ஆபீசுக்கு வர வேண்டாம்."

மேனேஜர் தினேஷ்குமார் சொன்னது, புரோகிராம் எழுதும் தேவிப்ரியாவிடம். ஆனால் அடுத்த மேஜையில் இருந்த சின்னசாமிக்கு விழட்டும் என்றே கொஞ்சம் உரக்கச் சொன்னார். சின்னசாமியோ எலுமிச்சை சாதத்திலிருந்து கடலையைப் பொறுக்கித் தின்பதிலேயே கண்ணாக இருந்தார்.

கல்கத்தாவில், டாலிகஞ்சில் இரண்டு அறை ஆபீஸ். அவர்கள் தயாரிப்பது 'பலகை' என்கிற மென்பொருள். மீட்டிங்கில் திரையில் பக்கம் பக்கமாகப் போட்டுக் காட்டிப் பேசுவார்களே, அதற்கானது. இதுவரை ஒன்பது பதிப்பு வந்தாயிற்று. எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் முதலாளி ராகவன் எங்கே போய் அதைப் போட்டுக் காட்டினாலும், நடுவில் ஒரு சக்கரம் சுற்ற ஆரம்பித்து, அப்படியே நின்றுவிடும்.

உடனே ராகவன் திரும்பி, "சின்னசாமி" என்பார். அவ்வளவுதான். மனிதர் ஆபீசில் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அந்த ஒரு வார்த்தைக்கே சின்னசாமி ஓடிவந்து, எல்லார் முன்னாலும் தலையைச் சொறிந்து மன்னிப்புக் கேட்பார்.

தேவிப்ரியாவுக்கு இரண்டு பேர் மேலும் எரிச்சல். பெரிய மனுஷர் வாயைத் திறக்க மாட்டார். இவரோ தப்பைத் திருத்த மாட்டார். எங்கே கோளாறு என்று அவளே தேடிக் கண்டுபிடித்திருந்தாள். ஒரு பட்டனை இரண்டு தடவை அழுத்தினால் சக்கரம் சுற்றுகிறது. மூன்றாம் பதிப்பில் சின்னசாமி எழுதியது. ஏதோ சோதனைக்குப் போட்டு எடுக்க மறந்திருக்கிறார். எடுத்துவிடட்டுமா என்று கேட்டதற்கு, "அதுல கை வைக்காதம்மா, மத்ததெல்லாம் உடைஞ்சிடும்" என்றார். தன் வேலையைத் தானே பார்க்கப் பயப்படுகிறவர்கள் எல்லா ஆபீசிலும் சொல்வதுதான்.

வேலை போனால் இந்த வயதில் அவருக்கு யார் கூப்பிட்டுக் கொடுப்பார்கள்? சின்னசாமி டிபன் பாக்ஸ் கழுவப் போன சமயம் பார்த்து, பத்தாம் பதிப்பிலிருந்து அந்தத் துண்டை வெட்டி எறிந்தாள். போட்டுப் பார்த்தாள். ஒன்றும் உடையவில்லை.

சாயங்காலம் கிடர்பூரில் ஒரு கப்பல் கம்பெனி. கேட்டுக்கொண்டிருப்பவர் ஷ்யாமல் பாபு. வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறவர் அவர்தான்.

ராகவன் வங்காளத்தில் பலகையின் வரலாற்றைச் சொல்ல ஆரம்பித்தார். மனப்பாடம் செய்தது தண்டவாளத்தில் போகிற ரயில் மாதிரி போயிற்று. லேக் கார்டன்ஸ் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் முதல் பதிப்பு. மூன்றாவதில் வங்காள எழுத்து. பேட்டைத் துர்கா பூஜைக் கமிட்டி நச்சரித்ததால், நாலாவதில் பக்கம் திரும்பும்போது டாக் மேளச் சத்தம். ஐந்தாவதில் பத்து நிமிஷத்துக்கு மேல் பேசினால் மணி அடிக்கும். கல்கத்தாவில் மணிக்கு யாரும் பயப்படாததால், ஆறாவதில் மணியை எடுத்தாயிற்று.

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தபடியே ஷ்யாமல் பாபு, தமிழ்ப் பெயராக இருக்கிறதே, யார் வைத்தது என்று கேட்டார்.

ராகவன் வாய் திறந்தது. திறந்தபடியே நின்றது. விரல் அந்தப் பட்டனுக்குப் போயிற்று. இரண்டு தடவை அழுத்தினார். மறுபடியும் அழுத்தினார். பலகை சமர்த்தாக வேலை செய்தது. சக்கரம் வரவில்லை.

அறையில் இருந்த அத்தனை கண்ணும் அவர் முகத்தில்.

பின்வரிசையில் இருந்த சின்னசாமி, தேவிப்ரியாவை ஒரு பார்வை பார்த்தார். அவள் முழித்த முழியிலேயே விஷயம் புரிந்துவிட்டது. தண்ணீர் குடிக்கப் போகிறவர் போல எழுந்தார், கால் ஒயரில் மாட்டியது, திரை அணைந்தது.

"மன்னிக்கணும் சார். பழையபடி ஹேங் ஆயிடுச்சு" என்றார், காலில் ஒயரும் பிளக்குமாக.

தினேஷ்குமார் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். "போதும் சின்னசாமி. கடைசி நாள் இன்னிக்குத்தான்."

நான்தான் சார் என்று சொல்ல தேவிப்ரியா எழுவதற்குள், ராகவன் கையைக் காட்டி நிறுத்தினார். கம்ப்யூட்டரை விட்டுத் தள்ளி, நடுவில் வந்து நின்றார்.

"எ... எ... எனக்குத் திக்கும்."

அந்த இரண்டு வார்த்தைக்கே அவர் நெற்றி வேர்த்துவிட்டது.

"அந்தச் சக்கரம் கோ... கோளாறு இல்ல. இவன் எனக்காகப் போட்டுக் குடுத்தது. அது சுத்தினா எல்லாரும் மெ... மெஷினைப் பார்ப்பாங்க. அதுக்குள்ள எனக்கு வா... வார்த்தை வந்துடும்." சின்னசாமியைப் பார்த்தார். "திட்டெல்லாம் இவனுக்கு. நா... நானும் வாங்கட்டும்னு விட்டுட்டேன்."

சின்னசாமி குனிந்து, காலிலிருந்த ஒயரை ரொம்ப நேரம் பிரித்துக்கொண்டிருந்தார்.

"பத்தாம் பதிப்புல அந்தச் சக்கரத்தை நான்தான் சார் எடுத்துட்டேன்" என்றாள் தேவிப்ரியா.

ஷ்யாமல் பாபு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு, தினேஷ்குமாரிடம் கேட்டார்.

"இப்போ காட்டினீங்களே, பத்தாவது. அது ஹேங் ஆகாதா?"

"சத்தியமா ஆகாது சார்."

"அப்போ அது வேண்டாம்" என்றார் ஷ்யாமல் பாபு. "ஒன்பதாவதையே குடுங்க. திங்கட்கிழமை சேர்மன் முன்னாடி நான் பேசணும்."