சொந்த ரத்தம் கடைசியில்

மைக்கை யாராவது பிடுங்கிவிட மாட்டார்களா என்று இருந்தது அவருக்கு.

அதிகாரி நிறுத்தி நிதானமாக வாசித்துக்கொண்டிருந்தார். புயல். கவிழ்ந்த தோணி. தன் தோணியைத் திருப்பிக்கொண்டு போய் ஆட்களைத் தூக்கிய தண்டல், அதாவது தோணித் தலைவர்.

அந்தத் தண்டல் மேடையில்தான் நின்றார். சட்டையில் பதக்கம். அந்தச் சட்டையைக் காலையில் இஸ்திரி போட்டுக் கொடுத்தவள் ரெஜினாள், தம்பி மனைவி. முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

கவிழ்ந்த தோணியில் அவள் புருஷனும் இருந்தான். இஞ்ஞாசி.

"அவன் கண்ணுல படவே இல்ல, தாயி."

கரைக்கு வந்ததும் அவளிடம் அப்படித்தான் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நடமாடுகிறாள். கண்ணில் படாதவனை வேறு கப்பல் ஏற்றியிருக்கும். மாலத்தீவில் ஏதாவது ஆஸ்பத்திரியில் கிடப்பான். பேர் சொல்ல நினைவு இருக்காது. வந்துவிடுவான்.

இன்றும் தலை நிறையப் பூ வைத்து வந்திருக்கிறாள்.

இவர் தோணி ஆட்களுக்கு உண்மை தெரியும். எல்லோரும் ஒரே தெரு. ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பிழைத்தவர்களில் ஒருவன் மட்டும் வெளியூர்க்காரன். நன்றி தாங்காமல் அதிகாரியிடம் எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறான். நல்ல மனுஷன்தான். நாசமாய்ப் போக.

"கயிற்றை முதலில் பிடித்தவர் இவருடைய சொந்தத் தம்பி" என்றது மைக்.

அவர் அவள் பக்கம் பார்க்கவில்லை.

கடலில் ஆள் தூக்கும்போது சொந்த ரத்தம் கடைசியில்தான் ஏற வேண்டும். தோணிக்காரர்களின் முறை அது. "பொறுடா" என்றார். தம்பியும் முறை தெரிந்தவன். கயிற்றை விட்டு விலகி, அடுத்தவனுக்குத் தோள் கொடுத்து ஏற்றினான். பிறகு இன்னொருவனை. எல்லோரும் ஏறியபின் இவர் குனிந்து கையை நீட்டினார்.

விரல் தொட்டது.

அதற்குள் அலை வந்துவிட்டது. அப்புறம் அந்தத் தலை மேலே வரவே இல்லை.

எவன் வைத்த முறையோ. அவனுக்குத் தம்பி இருந்திருக்க மாட்டான்.

"கண்ணெதிரே தம்பி மூழ்கியபோதும் கடமை தவறாத..." அதிகாரியின் குரல் தழுதழுத்தது.

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. ஓயவே இல்லை.

குடும்பத்தாரைப் படம் எடுக்க மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவருக்கு அவளை விட்டால் யாரும் இல்லை.

அவள் படியேறி வந்தாள். பக்கத்தில் நின்றாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். கேமராவைப் பார்த்தபடியே, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"அப்போ துக்கப் பூசைக்குச் சொல்லிருவோமா, அத்தான்?"

அவர் தலையசைத்தார்.

"ஆடாம நில்லுங்க, அண்ணாச்சி" என்றார் போட்டோ எடுப்பவர்.