அடியில் வைத்த அடையாளம்

பாலிஷ் போட்டுத் தந்த பித்தளை ஜாடியைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்தேன். நான் சந்தேகப்பட்டது சரியாகப் போயிற்று.

"இது நம்ம ஜாடியே இல்ல. மாத்திட்டான்" என்று மனைவியின் காதைக் கடித்தேன்.

"எப்படிச் சொல்றீங்க?"

"கொடுக்கறதுக்கு முன்னாடியே அடியில ரகசியமா ஒரு அடையாளம் வச்சேன். இப்ப காணோம்."

பாலிஷ்காரர் மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தபடி வந்தார். யாராவது காரணமில்லாமல் சிரித்தால் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிற ஆள் நான். ஜாடியின் கழுத்தருகே கட்டைவிரல் அகலத்துக்குக் கறுப்பு அப்படியே இருந்தது. அதையே பிடித்துக்கொண்டேன்.

"இங்க பாலிஷே போடலையே! அவ்வளவு அவசரமா?"

"வேணும்னேதான் விட்டேன் சார். பளபளன்னு ஆனதும் யாருக்கும் தன் பொருளே அடையாளம் தெரியறதில்ல. மாத்திட்டேன்னு சண்டைக்கு வர்றாங்க. நீங்க பாத்துச் சரின்னு சொன்னா இப்பவே தேச்சுடுவேன்."

மனைவி குனிந்து பார்த்தாள். கறுப்புக்கு நடுவே ஒரு நட்சத்திரத் தடம்.

"நம்ம பொண்ணு ஒட்டின ஸ்டிக்கர்! இது நம்மளதுதாங்க!"

அப்படியானால் என் அடையாளம்?

"அடிப்பக்கம்தான் உயிரை வாங்கிடுச்சு" என்றார் பாலிஷ்காரர். "ஆணியால பெருக்கல் குறி மாதிரி ஆழமா கீறி வச்சிருந்தது. முதல்ல கரகரப்பான எமரி பேப்பர், அப்புறம் நைஸ் பேப்பர், கடைசியா துணிச் சக்கரத்துல பஃபிங். தடமே தெரியாம எடுத்துட்டேன். அதுவும் உங்க பொண்ணு வேலைதானா?"

மனைவி என் பக்கம் திரும்பினாள்.

"இல்லண்ணே. அது மீசை வச்ச குழந்தை வேலை."